சைக்கிள் கம்பியில் செய்த தராசு: ஆரம்பகால விமான ஆராய்ச்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்பது பள்ளிக்கூடத்தில் ஒரு மதிப்பெண் கேள்வி. ரைட் சகோதரர்கள் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டால் ஒரு மதிப்பெண்ணில் அடங்காது. 1899 முதல் 1920கள் வரையிலான அந்தக் கதையில் பலரும் கேட்கிற கேள்விகளை இங்கே திரட்டியிருக்கிறேன்.

அவர்கள் சைக்கிள் கடைக்காரர்கள்தானே? ஆராய்ச்சியாளர்கள் என்று சொல்வது கொஞ்சம் அதிகமில்லையா?

இல்லை. வில்பரும் ஆர்விலும் கல்லூரிப் பக்கம் போனதில்லை என்பது உண்மை. ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் முதலில் அச்சகம் வைத்திருந்தார்கள், அப்புறம் சைக்கிள் கடை. ஆனால் அவர்கள் வேலையைத் தொடங்கிய விதத்தைப் பாருங்கள். 1899 மே 30 அன்று வில்பர் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பறப்பது பற்றி இதுவரை வெளிவந்ததில் உங்களிடம் இருப்பதை அனுப்புங்கள், வேறு என்னென்ன படிக்கலாம் என்றும் சொல்லுங்கள் என்பதுதான் விஷயம். கைக்கு வந்ததை எல்லாம் படித்து முடித்த பிறகுதான் மரத்தில் கை வைத்தார்கள்.

சைக்கிள் தொழிலையும் குறைத்து எடைபோட வேண்டாம். ஓட்டுபவர் நொடிக்கு நொடி சமன் செய்துகொண்டே போகாவிட்டால் சைக்கிள் விழுந்துவிடும். பறக்கும் இயந்திரமும் அப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் அன்று மிகக் குறைவு. மற்றவர்கள் படகை மனதில் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களுக்கு முன்னால் உலகத்துக்கு என்ன தெரிந்திருந்தது?

கொஞ்சம் தெரிந்திருந்தது, அதிலும் பாதி தவறாக. ஜெர்மனியில் ஓட்டோ லிலியன்தால் குன்றிலிருந்து குதித்துச் சுமார் 2,000 முறை என்ஜின் இல்லாத கிளைடரில் மிதந்தவர். உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டித்தான் திசை மாற்றுவார். 1896 ஆகஸ்டில் ஒருநாள் கிளைடர் காற்றில் நின்றுபோய் விழுந்ததில் முதுகெலும்பு முறிந்து, மறுநாள் இறந்தார். வளைந்த இறக்கை எந்தக் கோணத்தில் எவ்வளவு தூக்கும் என்று அவர் விட்டுப்போன அட்டவணைதான் அன்றைக்கு எல்லோருக்கும் வேதம்.

அமெரிக்காவில் ஆக்டேவ் சானூட் என்ற ரயில்வே எஞ்சினியர் இருந்தார். பாலம் கட்டுகிற உத்தியில் குறுக்குக் கம்பிகள் போட்டு இரட்டை அடுக்குக் கிளைடர் செய்தவர். பறப்பதில் ஆர்வம் உள்ள அத்தனை பேருக்கும் கடிதம் எழுதி ஒருவரை ஒருவர் அறியச் செய்தவரும் அவர்தான். ரைட் சகோதரர்களுக்கு இரட்டை இறக்கை வந்த வழி இதுவே.

1901-ல் ஏதோ தோல்வி என்கிறார்களே, என்ன அது?

1900-ல் வட கரோலினாவின் கிட்டி ஹாக் மணல்மேட்டில் முதல் கிளைடரைப் பறக்கவிட்டார்கள். கணக்கில் வந்ததைவிடக் குறைவாகவே தூக்கியது. ஊருக்குத் திரும்பும்போது அதை அங்கேயே விட்டுவிட்டார்கள். உள்ளூர்க்காரர் டேட்டின் மனைவி அந்தச் சாட்டின் துணியை எடுத்துத் தன் பெண் குழந்தைகளுக்குச் சட்டை தைத்தார் என்பது உபரித் தகவல்.

சரி, இறக்கை சிறியது போலிருக்கிறது என்று 1901-ல் 290 சதுர அடியில் பெரிதாகச் செய்தார்கள். அதுவரை யாரும் அவ்வளவு பெரிய கிளைடரில் ஏறியதில்லை. அது தூக்கியதோ கணக்கில் மூன்றில் ஒரு பங்குதான். ஊருக்குத் திரும்பும் வழியில், இன்னும் ஆயிரம் வருஷத்துக்கு மனிதன் பறக்கப்போவதில்லை என்கிற தோரணையில் வில்பர் அலுத்துக்கொண்டதாக ஆர்வில் பிற்பாடு நினைவுகூர்ந்தார்.

கோளாறு ஓரளவுக்கு ஒரு பழைய எண்ணில் இருந்தது. காற்று ஒரு பலகையைத் தள்ளும் விசையைக் கணக்கிட, பரப்பையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கி, அதோடு ஒரு மாறிலியையும் பெருக்க வேண்டும். 18-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேய எஞ்சினியர் ஜான் ஸ்மீட்டன் பெயரால் வழங்கிய அந்த மாறிலி 0.005. காற்றாலை விசிறிகள் பற்றிய அவருடைய 1759-ஆம் ஆண்டுக் கட்டுரையில் இருந்து வந்தது. மணிக்கு 20 மைல் காற்றில் ஒரு சதுர அடிப் பலகையை வையுங்கள். 20-ன் வர்க்கம் 400, அதை 0.005-ஆல் பெருக்கினால் 2 பவுண்டு. ஆனால் ரைட் சகோதரர்கள் தங்கள் கிளைடர் உண்மையில் தூக்கியதை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டபோது மாறிலி 0.0033 என்று வந்தது. அதாவது 1.3 பவுண்டுதான். இன்று நாம் ஏற்கிற மதிப்பும் கிட்டத்தட்ட அதேதான்.

அந்த எண் அதிகம் என்று ஸ்மித்சோனியனின் தலைவராக இருந்த லாங்லி உட்படச் சிலர் முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனாலும் புத்தகத்துக்குப் புத்தகம் அது நகலாகிக்கொண்டே வந்தது. அச்சில் வந்த எண்ணுக்கு இருக்கிற மரியாதை அப்படி.

எண் தவறு என்று தெரிந்ததும் திருத்திக்கொண்டு அடுத்த கிளைடரைச் செய்திருக்கலாமே?

ஒரு எண் தவறு என்று தெரிந்தபின் பக்கத்து எண்ணை எப்படி நம்புவது? லிலியன்தால் அட்டவணை மீதும் சந்தேகம் வந்துவிட்டது. 1901 செப்டம்பரில் சிகாகோ எஞ்சினியர்கள் சங்கத்தில் வில்பர் பேசினார். அந்தப் பேச்சு அச்சாகப் போகிறது. நாம் இன்னொருவர் அட்டவணையைத் தவறு என்கிறோம், அதற்கு நம் கையில் ஆதாரம் வேண்டுமே என்ற கவலை பிடித்துக்கொண்டது.

முதலில் செய்தது வேடிக்கையான வேலை. சைக்கிளின் ஹேண்டில்பாருக்கு முன்னால் இன்னொரு சக்கரத்தைப் படுக்கை வசத்தில், தடையில்லாமல் சுழலும்படி மாட்டினார்கள். அதன் விளிம்பில் ஒரு பக்கம் தட்டையான தகடு, இன்னொரு பக்கம் வளைந்த தகடு. ஒருவர் சைக்கிளை வேகமாக மிதிக்க, எதிர்க்காற்று இரண்டு தகடுகளையும் தள்ளும். அட்டவணை சரி என்றால் இரண்டும் சமமாகி மேல் சக்கரம் அசையாமல் நிற்க வேண்டும். நிற்கவில்லை. டேட்டன் தெருக்களில் அதை ஓட்டிக்கொண்டு போனவரைப் பார்த்து அக்கம்பக்கத்தார் என்ன நினைத்திருப்பார்களோ.

சந்தேகம் உறுதியானது. ஆனால் தெருக்காற்றை வைத்து நுட்பமாக அளக்க முடியாது. அடுத்து, கஞ்சிப்பசை மாவு வந்த மரப்பெட்டி ஒன்றில் விசிறி வைத்துப் பார்த்தார்கள். அதுவும் நம்பிக்கை தந்ததால்தான் சரியான காற்றுச் சுரங்கம் கட்டும் யோசனை வந்தது.

அந்தக் காற்றுச் சுரங்கம் எப்படி இருந்தது?

பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஆறடி நீள மரப்பெட்டி, உள்ளே 16 அங்குலச் சதுரம், இரண்டு முனையும் திறப்பு, மேலே எட்டிப் பார்க்க ஒரு கண்ணாடி. அவ்வளவுதான். கடையில் மின்சாரம் கிடையாது. கடை மெஷின்களை ஓட்டுகிற கேஸ் என்ஜினிலிருந்து பெல்ட் போட்டு விசிறியைச் சுழற்றினார்கள். மணிக்கு 27 மைல் வாக்கில் காற்று வீசியது. இப்படிப்பட்ட பெட்டியை உலகத்தில் முதலில் செய்தவர்கள் இவர்கள் அல்ல. இங்கிலாந்தில் ஃபிரான்சிஸ் வென்ஹாம் 1871-லேயே செய்துவிட்டார். ஆனால் அதிலிருந்து வந்த எண்களை வைத்து ஒரு விமானம் பிறந்தது இங்கேதான்.

விசிறிக் காற்று சுழன்று சுழன்று வரும். அதை நேராக்கக் கம்பி வலையும் தடுப்புகளும் வைத்து, மாற்றி, எடுத்து, மறுபடி வைத்து, ஏறத்தாழ ஒரு மாதம் அதிலேயே போயிற்று. அப்புறம் ஒரு விஷயம் கவனத்துக்கு வந்தது. அறையில் ஒருவர் நடந்தாலோ, ஒரு மேசையை நகர்த்தினாலோ முள் வேறு அளவு காட்டுகிறது. பெட்டியின் ஒரு முனையில் வெளியேறும் காற்று அறையைச் சுற்றி மறு முனைக்குத்தானே வந்தாக வேண்டும்? ஆகவே சட்டம் போட்டார்கள். பதிவு எடுக்கும் காலத்தில் அறையில் பெரிய பொருள் எதையும் அசைக்கக் கூடாது. அளவு பார்க்கிற ஆளைத் தவிர வேறு யாரும் கிட்டே வரக் கூடாது. அவரும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே மாதிரி நிற்க வேண்டும். இந்த மரப்பெட்டியை ஆய்வுக்கூடம் என்று கூசாமல் சொல்ல எனக்கு இந்த ஒரு விவரம் போதும்.

இறக்கை மாதிரிகளோ சில அங்குல நீளம்தான். மெல்லிய எஃகுத் தகட்டைத் தகரம் வெட்டும் கத்தரியால் வெட்டி, சுத்தியலால் தட்டி வளைத்து, மேடு வேண்டிய இடத்தில் ஈயமும் மெழுகும் வைத்து இழைத்தார்கள். முதல் சுற்றில் 200 வடிவங்கள் வரை போட்டுப் பார்த்துவிட்டு, நாற்பதுக்கு மேற்பட்டவற்றை ஒவ்வொரு கோணத்திலும் முறையாக அளந்தார்கள். டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். அடுத்த பருவத்துக்கு சைக்கிள் செய்து விற்க வேண்டுமே! தொழிலதிபர் கார்னகியிடம் உதவி கேட்டுப் பார்க்கட்டுமா என்று சானூட் கேட்டதற்கும் வில்பர் வேண்டாம் என்றுவிட்டார்.

சில அங்குல இறக்கையின் விசையை எதை வைத்து அளந்தார்கள்?

ஹாக்ஸா பிளேடையும் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியையும் வைத்து. கேலி இல்லை, உண்மை. பழைய பிளேடுத் துண்டுகளைச் சட்டமாகவும், ஸ்போக்ஸ் கம்பிகளை அச்சாகவும் வைத்து ஒரு தராசு செய்தார்கள். என்னைக் கேட்டால், 1903-ல் பறந்த இயந்திரத்தைவிட இந்தத் தராசுதான் பெரிய கண்டுபிடிப்பு.

தராசில் மேலும் கீழுமாக இரண்டு சட்டங்கள். மேல் சட்டத்தில் இறக்கை மாதிரி செங்குத்தாக நிற்கும். கீழ்ச் சட்டத்தில் விரல்கள் போல நான்கு தட்டைத் தகடுகள். காற்று வீசும்போது இறக்கை, தூக்குவிசையால் தராசைப் பக்கவாட்டில் தள்ளும். தட்டைத் தகடுகள் காற்றின் அடியை வாங்கி அதை எதிர்த்து இழுக்கும். இரண்டும் சமமாகிற இடத்தில் முள் நிற்கும். அந்தக் கோணத்திலிருந்து விடை நேரே வந்துவிடும்.

இதிலுள்ள சாமர்த்தியம் இதுதான். காய்கறிக் கடைத் தராசில் ஒரு தட்டில் படிக்கல், மறு தட்டில் கத்திரிக்காய். தராசை மொத்தமாகத் தூக்கினாலும் இறக்கினாலும் நிறை மாறாது. இங்கேயும் இறக்கையும் தகடுகளும் ஒரே காற்றில்தான் நிற்கின்றன. காற்று கொஞ்சம் கூடினால் இரண்டுக்கும் சேர்ந்தே கூடும், குறைந்தால் சேர்ந்தே குறையும். அதனால் காற்றின் வேகம் துல்லியமாகத் தெரிய வேண்டியதில்லை. தகராறு பிடித்த அந்த ஸ்மீட்டன் எண்ணும் கணக்குக்குள் நுழையாது. தூக்குவிசைக்கு ஒரு தராசு, இழுவைக்கும் (காற்று பின்னால் இழுக்கிற விசை) தூக்குவிசைக்கும் உள்ள விகிதத்துக்கு இன்னொன்று என இரண்டு செய்தார்கள்.

அப்படியானால் லிலியன்தால் அட்டவணை தவறா?

இல்லை. அது அவருடைய இறக்கைக்கு ஏறக்குறையச் சரிதான். தன் இறக்கையின் வடிவத்துக்கு அவர் போட்ட அட்டவணையை இவர்கள் வேறு வடிவ இறக்கைக்குப் பயன்படுத்தியதுதான் பிசகு. சுரங்கம் சொன்ன பெரிய பாடமும் அதுவே. ஒரே பரப்பை அகலக் குட்டையாகவும் வைக்கலாம், நீள ஒல்லியாகவும் வைக்கலாம். நீள ஒல்லிதான் குறைந்த இழுவையில் நன்றாகத் தூக்குகிறது.

1901 கிளைடர் 22 அடி நீளம், 7 அடி அகலம். 1902 கிளைடர் 32 அடி நீளம், 5 அடி அகலம். மொத்தப் பரப்பு 290-லிருந்து 305 சதுர அடி ஆயிற்று, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் இரண்டாவது, கணக்கில் எதிர்பார்த்தபடி மிதந்தது. அந்த இலையுதிர் காலத்தில் அதில் எழுநூறிலிருந்து ஆயிரம் முறை மிதந்திருக்கிறார்கள். நீளமானது 622 அடி.

இறக்கையை முறுக்கினார்கள் என்பது என்ன?

வில்பர் சைக்கிள் ட்யூப் வந்த நீளமான அட்டைப்பெட்டியைக் கையில் வைத்துப் பேசிக்கொண்டே முறுக்கியபோது தோன்றியது என்பார்கள். இரட்டை அடுக்கு இறக்கையை அந்தப் பெட்டி போல முறுக்கினால் ஒரு முனை காற்றை அதிகம் வாங்கி மேலே போகும், மறு முனை இறங்கும். விமானம் சாய்ந்து திரும்பும். 1899-லேயே ஐந்தடிப் பட்டம் கட்டிச் சோதித்தார்கள்.

ஆனால் மேலே போகிற பக்கம் அதிக இழுவையையும் வாங்கிக்கொண்டு பின்னால் இழுபடும். திரும்ப வேண்டிய திசைக்கு எதிர்த் திசையில் மூக்கு போகும், கிளைடர் சறுக்கி மணலில் குழி தோண்டும். பின்னால் அசையாத வால் வைத்தும் சரியாகவில்லை. தூக்கம் வராத ஓர் இரவில் ஆர்விலுக்கு, அந்த வாலைச் சுக்கான் போலத் திருப்ப முடிந்தால் என்ன என்று தோன்றியது. சரி, அதை முறுக்குக் கம்பியோடு சேர்த்தே கட்டிவிடலாம் என்றார் வில்பர். 1906-ல் கிடைத்த காப்புரிமை பறப்பதற்கு அல்ல, இந்தக் கட்டுப்பாட்டுக்குத்தான்.

என்ஜின் யார் செய்தது?

கடை மெக்கானிக் சார்லி டெய்லர், ஆறு வாரத்தில். நான்கு சிலிண்டர், அலுமினியத்தில் வார்த்த உடம்பு, 12 குதிரைத்திறன். கார்புரேட்டரும் கிடையாது, ஸ்பார்க் பிளக்கும் கிடையாது. சுமாரான என்ஜின்தான். இறக்கையின் கணக்கு சரியாக இருந்ததால் சுமாரான என்ஜினே போதுமாயிற்று.

ப்ரொப்பெல்லர் கப்பலிலிருந்து எடுத்ததுதானே?

அவர்களும் அப்படி எண்ணித்தான் நூலகத்துக்குப் போனார்கள். நூறு வருஷமாகக் கப்பல் செய்கிறார்கள், சூத்திரம் ஒன்று இல்லாமலா போகும் என்று. போய்ப் பார்த்தால் எல்லாம் அனுபவக் கணக்கு. ஒன்றைச் செய்து மாட்டுவது, சரிவராவிட்டால் வேறொன்று. விமானத்தில் அந்த வசதி இல்லை.

அப்போது பிடிபட்டது ஓர் எண்ணம். ப்ரொப்பெல்லர் என்பது சுழன்றுகொண்டே போகிற இறக்கை. அப்படியென்றால் சுரங்கத்தில் எடுத்த அட்டவணையே இதற்கும் பொருந்த வேண்டும். சொல்வது எளிது. ப்ரொப்பெல்லர் முன்னே போகிறது, சுழலவும் செய்கிறது, அது வெட்டுகிற காற்றும் பின்னே நகர்கிறது. எதைப் பிடித்துக் கணக்கைத் தொடங்குவது? அண்ணனும் தம்பியும் மணிக்கணக்கில் கத்திச் சண்டை போட்டார்கள். கடைசியில் பார்த்தால் இருவரும் ஒத்துப்போகவில்லை, ஆனால் அண்ணன் தம்பியின் கட்சிக்கும் தம்பி அண்ணனின் கட்சிக்கும் மாறியிருப்பார்கள் என்று ஆர்வில் எழுதியிருக்கிறார். வீட்டில் சகோதரர்கள் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கடைசியில் எட்டரை அடி விட்டத்தில், ஸ்ப்ரூஸ் மரப்பலகைகளை ஒட்டிக் கைக்கோடாரியால் செதுக்கிய இரண்டு ப்ரொப்பெல்லர்கள். என்ஜின் திறனில் நான்கில் மூன்று பங்கை உந்துவிசையாக மாற்றின. ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுழலச் செய்தார்கள். எப்படி? ஒரு சங்கிலியை மட்டும் எட்டு போலக் குறுக்கே போட்டு. சைக்கிள்காரர் மூளை.

அரசாங்கப் பணம் வாங்கிய லாங்லி ஏன் தோற்றார்?

சாமுவேல் லாங்லி சாதாரண ஆள் இல்லை. ஸ்மித்சோனியனின் செயலாளர், வானியலாளர். 1896-ல் அவருடைய ஆளில்லாத நீராவி விமானம் ஆயிரம் மீட்டர் பறந்தது. அது பெரிய சாதனை. அப்புறம் ராணுவம் 50,000 டாலர் கொடுத்தது. அவருடைய உதவியாளர் சார்லஸ் மேன்லி தேற்றிய ஐந்து சிலிண்டர் என்ஜின் 52 குதிரைத்திறன் தந்தது. ரைட்டுடையதைப் போல நான்கு மடங்குக்கு மேல்.

தவறு, சின்னது பறந்தால் அதையே பெரிதாக்கினாலும் பறக்கும் என்று எண்ணியதில். அளவு கூடினால் எடை வேறு வேகத்தில் கூடும், சட்டம் தாங்காது. ஓட்டுபவர் சமன் செய்யச் சரியான வழியும் இல்லை. போட்டோமாக் ஆற்றில் படகு வீட்டின் கூரையிலிருந்து 1903 அக்டோபர் 7-ல் ஒருமுறை, டிசம்பர் 8-ல் மறுமுறை. இரண்டு தடவையும் நேரே தண்ணீருக்குள். பனிக்கட்டி மிதக்கிற ஆற்றிலிருந்து மேன்லியை உயிரோடு தூக்கினார்கள். பத்திரிகைகள் கிழவரைக் கிழித்துத் தொங்கவிட்டன. 1906-ல் மனம் நொந்தே இறந்தார். அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. பணம் அதிகம் இருந்ததுதான் கெடுதலாயிற்றோ என்று தோன்றும். ரைட் சகோதரர்களுக்கு மொத்தச் செலவே ஆயிரம் டாலர் அளவில்தான்.

1903 டிசம்பர் 17 அன்று நடந்ததைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

மூன்று நாள் முன்பு நாணயம் சுண்டி வில்பர் ஜெயித்து, ஏறி, மூன்றரை நொடியில் மூக்கு குத்தினார். பழுது பார்த்தபின், 17-ஆம் தேதி காலை 10.35-க்கு ஆர்வில் முறை: 12 நொடி, 120 அடி. அன்றைய நான்காவது பறத்தலில் வில்பர் 59 நொடி, 852 அடி. எல்லோரும் பார்த்திருக்கிற அந்தப் புகைப்படத்தை எடுத்தவர் கடலோர மீட்பு நிலையத்து ஊழியர் ஜான் டேனியல்ஸ். அப்புறம் ஒரு பலத்த காற்று விமானத்தைப் புரட்டிப் போட்டது. பிடித்து நிறுத்தப் போன டேனியல்ஸும் அதோடு உருண்டார். அந்த விமானம் பிறகு பறக்கவே இல்லை.

சாண்டோஸ்-டூமான்ட்தான் முதலில் பறந்தவர் என்று பிரேசில்காரர்கள் சொல்கிறார்களே?

1906 நவம்பரில் பாரிஸில் ஊரார் முன்னால், சக்கரத்தில் ஓடித் தானாக எழும்பி 220 மீட்டர் பறந்தார். ரைட் சகோதரர்கள் தண்டவாளம் போட்டுப் பறந்தது கணக்கில் சேராது என்பது அவர் கட்சியின் வாதம். ஆனால் அதற்கு ஒரு வருஷம் முன்பே, 1905 அக்டோபர் 5-ல், வில்பர் டேட்டன் பக்கத்து மேய்ச்சல் நிலத்தில் வட்டமடித்துக்கொண்டே 24 மைல் பறந்துவிட்டார். வாதம் இன்னும் நடக்கிறது, நடக்கட்டும்.

ஐரோப்பாவில் ஆராய்ச்சியே நடக்கவில்லையா?

1909-க்குப் பிறகு ஐரோப்பாதான் முன்னால் போயிற்று. கோபுரம் கட்டிய குஸ்தாவ் ஐஃபல், எழுபது வயதை ஒட்டிய காலத்தில் தன் கோபுரத்திலிருந்தே தகடுகளைக் கம்பி வழியாக விழவிட்டுக் காற்றுத் தடையை அளந்தார். 1909-ல் கோபுரத்தின் அடியில் காற்றுச் சுரங்கம், 1912-ல் ஒத்தெய் பகுதியில் இன்னும் பெரியது. இறக்கையைக் கீழிருந்து காற்று தள்ளுவதைவிட, மேற்பரப்பில் அழுத்தம் குறைந்து மேலே உறிஞ்சுவதே அதிகம் என்று அளந்து காட்டியவர்களில் அவர் முக்கியமானவர்.

ஜெர்மனியின் கொட்டிங்கன் நகரில் லுட்விக் பிரான்ட்டல். 1904-ல் ஹைடல்பெர்க் கணித மாநாட்டில் பத்து நிமிடம் பேசினார். பொருளை ஒட்டி ஓடுகிற மெல்லிய காற்றுப் படலம்தான் இழுவையைத் தீர்மானிக்கிறது என்பது சாரம். அந்தப் பத்து நிமிடத்தில்தான் இன்றைய காற்றியக்கவியல் தொடங்குகிறது எனலாம்.

இந்த இருவருக்கும் ஒரு பந்தால் வந்த வழக்கு சுவையானது. வெறும் உருண்டையின் இழுவைக் குணகத்தை, அதாவது காற்று அதை எவ்வளவு இழுக்கும் என்று சொல்கிற எண்ணை, இருவர் கூடமும் அளந்தன. கொட்டிங்கன் எண், பாரிஸ் எண்ணைப் போல இரு மடங்குக்கு மேல். யாரோ கணக்கில் கோட்டை விட்டார்கள் என்றே பேச்சு. ஐஃபல் பல வேகங்களில் அளந்து பார்த்து, குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் குணகம் சட்டென்று விழுவதைக் காட்டினார். காரணத்தை 1914-ல் பிரான்ட்டல் சொன்னார். வேகம் கூடும்போது அந்தப் படலம் கலங்குகிறது. கலங்கிய படலம் பந்தை இன்னும் கொஞ்ச தூரம் ஒட்டிக்கொண்டு போகிறது. பின்னால் வெற்றிடம் போன்ற பகுதி சுருங்குகிறது, இழுவை குறைகிறது. பந்தின் முன்பக்கம் மெல்லிய கம்பி வளையம் ஒன்றை ஒட்டி வேண்டுமென்றே படலத்தைக் கலக்கினார், குறைந்த வேகத்திலேயே இழுவை விழுந்தது. புதுப் பந்தில் தையலைச் சாய்த்துப் பிடித்து ஸ்விங் செய்கிற வேகப்பந்து வீச்சாளரின் வித்தையிலும் இதே சங்கதிதான் இருக்கிறது.

ஆக, இருவருமே சரியாகத்தான் அளந்திருந்தார்கள்.

பழைய விமானங்களின் இறக்கை ஏன் அவ்வளவு மெல்லியதாக இருந்தது?

இங்கேதான் கதை திரும்புகிறது. ரைட் சகோதரர்களின் சுரங்கமும் ஒரு பொய் சொல்லியிருந்தது. சில அங்குல மாதிரியை மெதுவான காற்றில் வைத்தால் மெல்லிய இறக்கைதான் ஜெயிக்கும். முழு அளவில், வேகத்தில், நல்ல தடிமனான இறக்கை அதற்குக் குறைந்ததில்லை, பல நேரம் மேல். சிறிய சுரங்கங்களை நம்பிய மற்றவர்களும் மெல்லிய இறக்கையையே செய்தார்கள். மெல்லிய இறக்கைக்குள் வலுவான சட்டம் வைக்க இடமில்லை. ஆகவே வெளியே தூண்களும் கம்பிகளும். அந்தக் கம்பிகளின் இழுவை தனி.

ஜெர்மன் எஞ்சினியர் ஹ்யூகோ யுங்கர்ஸ் இதை உடைத்தார். 1915 டிசம்பர் 12-ல் பறந்த அவருடைய ஜே 1, முழுக்க எஃகுத் தகட்டில் செய்தது. தடித்த ஒற்றை இறக்கை, வெளியே ஒரு கம்பிகூட இல்லை. தகரக் கழுதை என்று பட்டப்பெயர் வைத்தார்கள். 1918-ன் ஜெர்மன் சண்டை விமானம் ஃபோக்கர் டி 7 தடித்த இறக்கையால் பெயர் வாங்கியது. முதல் உலகப் போரின் போர்நிறுத்த ஒப்பந்தத்தில் அதைப் பெயர் சொல்லியே ஒப்படைக்கக் கேட்டார்கள்.

நிலையாகப் பறக்கிற விமானம்தானே நல்ல விமானம்?

யார் ஓட்டுகிறார்கள், எதற்கு என்பதைப் பொறுத்தது. ரைட் விமானம் வேண்டுமென்றே நிலையற்றது, ஒரு நொடி கவனம் தப்பினால் கவிழ்க்கும். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் எட்வர்ட் பஸ்க் என்ற இளைஞர் கணக்குப் போட்டு, கையை எடுத்தாலும் நேரே போகிற பி.இ.2சி விமானத்தை 1914-ல் உருவாக்கினார். அதே ஆண்டு நவம்பரில் அந்த வகை விமானம் ஒன்று வானில் தீப்பிடித்து இறந்தும் போனார். வேவு பார்க்க அருமையான விமானம். ஆனால் 1915-ல் ஃபோக்கர் சண்டை விமானம் ப்ரொப்பெல்லருக்கு ஊடே சுட்டுக்கொண்டு வந்தபோது, சட்டென்று வளைந்து தப்பத் தெரியாமல் அடிவாங்கியது.

அமெரிக்கா எப்படிப் பின்தங்கியது, எப்படி மீண்டது?

இன்னொரு அமெரிக்க விமானத் தயாரிப்பாளர் கர்ட்டிஸுடன் காப்புரிமை வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. 1912-ல் வில்பர் டைஃபாய்டில் இறந்தார். 1915 மார்ச் 3-ல் நாக்கா என்ற அரசு விமானவியல் ஆலோசனைக் குழு பிறந்தது, முதல் வருஷ நிதி 5,000 டாலர். வர்ஜீனியாவில் அது கட்டிய ஆய்வுக்கூடத்துக்கு வைத்த பெயர், ஆற்றில் விழுந்த அதே லாங்லியின் பெயர்.

சிறிய மாதிரிகள் பொய் சொல்கிற அளவுப் பிரச்சினைக்குத் தீர்வும் அங்கேதான் வந்தது. பிரான்ட்டலின் மாணவர் மாக்ஸ் முங்க் யோசித்தார்: மாதிரி நிஜ விமானத்தின் இருபதில் ஒரு பங்கு அளவுதான் என்றால், காற்றை இருபது மடங்கு அடர்த்தியாக்கிவிட்டால் போயிற்று. ஒரு பெரிய எஃகுத் தொட்டிக்குள் சுரங்கத்தை வைத்து, 20 வளிமண்டல அழுத்தம் வரை காற்றை ஏற்றினார்கள். 1920களின் தொடக்கத்தில் அது ஓடத் தொடங்கியது. பின்னால் அதில் அளந்த இறக்கை வடிவங்களுக்கு நான்கு இலக்க எண் கொடுத்தார்கள். இன்றும் பறக்கிற செஸ்னா 172 சிறுவிமானத்தின் இறக்கை நாக்கா 2412. இறக்கையின் அகலத்தில் வளைவு 2 சதவீதம், அது உச்சமாகும் இடம் 40 சதவீதத்தில், தடிமன் 12 சதவீதம். எண்ணைப் படித்தாலே வடிவம் தெரிந்துவிடும்.

நம் ஊர்ப் பக்கம் ஏதும் நடந்ததா?

நடந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய கோர்சிகாக்காரர் ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ், தானே வடிவமைத்த விமானத்தை சிம்ப்சன் கம்பெனியில் கட்டவைத்துப் பல்லாவரத்தில் சோதித்தார். 1910 மார்ச்சில் தீவுத்திடலில் மக்கள் முன்னால் பறந்தார். கிட்டி ஹாக்குக்கு ஆறேகால் வருஷம் கழித்து.

இவற்றை இன்று பார்க்க முடியுமா?

1903 விமானம் வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நேரே அங்கே போகவில்லை. லாங்லியின் விமானமே பறக்கும் திறன் பெற்ற முதல் விமானம் என்று ஸ்மித்சோனியன் பிடிவாதம் பிடித்ததால் ஆர்வில் கோபித்துக்கொண்டு 1928-ல் அதை லண்டனுக்கு அனுப்பிவிட்டார். 1942-ல் அந்த நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டது. விமானம் 1948 டிசம்பரில் வந்து சேர்ந்தது, அதே ஆண்டு ஜனவரியிலேயே ஆர்வில் இறந்துபோயிருந்தார்.

சைக்கிள் கடையை ஹென்றி ஃபோர்ட் வாங்கி டேட்டனிலிருந்து மிச்சிகனின் டியர்போர்னுக்குப் பெயர்த்துக்கொண்டு போனார். கடை இன்னும் அங்கே நிற்கிறது. ஹாக்ஸா பிளேடுத் தராசுகள் இருப்பது ஃபிலடெல்ஃபியாவின் ஃப்ராங்க்ளின் இன்ஸ்டிடியூட்டில்.